ஒரே தவணையில் கடன் தீர்வு: கணக்கு முடிந்தாலும் பதிவு முடிவதில்லை

மும்பை: தனிநபர் கடனையும் கடன் அட்டை நிலுவையையும் கட்ட இயலாமல் தவிப்போருக்கு, ஒரு குறிப்பிட்ட தொகையை மொத்தமாகச் செலுத்திக் கணக்கை முடித்துக்கொள்ளும் வாய்ப்பை வங்கிகள் சில வேளைகளில் அளிக்கின்றன. ஓடிஎஸ் எனப் பரவலாக அறியப்படும் இந்த ஒரே தவணைத் தீர்வு, வசூல் முகவர்களின் தொலைபேசி அழைப்புகளுக்கும் வட்டியின் மேல் ஏறும் வட்டிக்கும் முற்றுப்புள்ளி வைக்கிறது. ஆயினும் வங்கி விட்டுக்கொடுத்த தொகை, கடன் தகவல் அறிக்கையில் பல ஆண்டுகளுக்கு ஒரு குறிப்பாக நிலைத்துவிடுகிறது. அந்தக் குறிப்பின் விலையை அறிந்த பின்னரே தீர்வுக்கு உடன்பட வேண்டும். இது தொடர்பான விதிகளும் நடைமுறைகளும் வருமாறு.

தீர்வு என்பது என்ன?

கடன் தந்த நிறுவனமும் கடன் வாங்கியவரும் பேசி, நிலுவை முழுவதற்கும் ஈடாக ஒரு தொகையை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு, மீதியின் மீதான உரிமையை நிறுவனம் விட்டுவிடுவதே சமரசத் தீர்வு. இதற்கான ஒருங்கிணைந்த நெறிமுறையை ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8 அன்று வெளியிட்டது. வணிக வங்கிகள், கூட்டுறவு வங்கிகள், வங்கி சாரா நிதி நிறுவனங்கள் ஆகிய அனைத்தும் இதற்கு உட்பட்டவை. ஒவ்வொரு நிறுவனமும் தன் இயக்குநர் குழு ஒப்புதல் அளித்த கொள்கையின்படியே தீர்வு காண வேண்டும் என்றும், எவ்வளவு தொகையை விட்டுக்கொடுக்கலாம், அதை எந்த நிலையிலுள்ள அதிகாரி முடிவு செய்யலாம் என்பன அக்கொள்கையில் வரையறுக்கப்பட வேண்டும் என்றும் அந்த நெறிமுறை கூறுகிறது.

ஒப்புக்கொண்ட தொகையைச் செலுத்தும் காலம் மூன்று மாதங்களுக்கு மேல் நீண்டால், அது சமரசத் தீர்வாக அல்லாமல் கடன் மறுசீரமைப்பாகவே கருதப்படும். தீர்வுத் தொகையைக் குறுகிய காலத்துக்குள் கட்டி முடிக்குமாறு வங்கிகள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இத்தகைய தீர்வுக்கு இந்தியாவில் முக்கியத்துவம் மிகுந்திருப்பதற்கு வேறொரு பின்னணியும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கான பிரிவுகள் இருப்பினும், நிறுவனக் கடன்களுக்குத் தனிப்பட்ட முறையில் உத்தரவாதம் அளித்தோர் வரையில் மட்டுமே 2019 டிசம்பரில் அவை நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன. சாதாரணக் கடனாளிகளுக்கு 1909, 1920-ஆம் ஆண்டுகளின் பழைய நொடிப்புச் சட்டங்களே எஞ்சியுள்ளன. ஆகவே, கடன் தந்தவருடன் நேரடியாகப் பேசி முடிப்பதே பெரும்பாலானோருக்கு நடைமுறையில் திறந்திருக்கும் வழியாக உள்ளது.

வங்கி எப்போது சம்மதிக்கும்?

தவணை தவறாமல் கட்டிவரும் ஒருவருக்கு எந்த வங்கியும் அசலைக் குறைக்க முன்வருவதில்லை. நிலுவை 90 நாள்களைத் தாண்டும்போது அக்கணக்கு வாராக்கடன் என வகைப்படுத்தப்படுகிறது. அதன் பின்னரே தீர்வுப் பேச்சு பெரும்பாலும் தொடங்குகிறது. அடமானம் எதுவும் இல்லாத தனிநபர் கடன், கடன் அட்டை நிலுவை ஆகியவற்றில் சலுகை கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். வீட்டுக் கடனில் வீடும் நகைக் கடனில் நகையும் வங்கியின் பிடியில் இருப்பதால், அங்கு விட்டுக்கொடுக்க வேண்டிய தேவை குறைவு.

தீர்வு என்பது கடன் வாங்கியவரின் உரிமை அல்ல. பிஜ்னோர் நகர்ப்புறக் கூட்டுறவு வங்கி தொடர்பான வழக்கில் 2021 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒரே தவணைத் தீர்வின் பயனை அளிக்குமாறு வங்கிக்கு உயர் நீதிமன்றம் ஆணையிட முடியாது என்றும், அந்த முடிவு வங்கியின் வணிக அறிவுக்கே விடப்பட வேண்டும் என்றும் தெளிவுபடுத்தியது. எனவே, வேலையிழப்பு, நோய், தொழில் நட்டம் முதலிய காரணங்களை உரிய ஆவணங்களுடன் எழுத்து மூலம் முன்வைத்து வேண்டுகோள் விடுப்பதே முறையாகும்.

கணக்கு வங்கியின் ஏடுகளில் தள்ளுபடி செய்யப்பட்டுவிட்டது என்று கேள்விப்பட்டு, கடன் ஒழிந்தது என நினைப்போரும் உண்டு. இது தவறான புரிதலாகும். தொழில்நுட்பத் தள்ளுபடி என்பது வங்கியின் கணக்கியல் நடவடிக்கை மட்டுமே. கடனை வசூலிக்கும் உரிமையை வங்கி அதனால் இழப்பதில்லை.

மூன்று சொற்கள், மூன்று விளைவுகள்

இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இயங்குகின்றன. 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் இவை செயல்படுகின்றன. 300 முதல் 900 வரையிலான மதிப்பெண்ணே பலரின் கண்ணில் படுகிறது. ஆனால், கடன் வழங்கும் அதிகாரி மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு கணக்கின் எதிரேயும் பதிவாகியுள்ள நிலையையும் பார்க்கிறார்.

முழுத் தொகையும் கட்டி முடிக்கப்பட்ட கணக்கு 'குளோஸ்டு' எனப் பதிவாகிறது. சலுகைத் தொகையைப் பெற்றுக்கொண்டு முடிக்கப்பட்ட கணக்கு 'செட்டில்டு' எனப் பதிவாகிறது. வசூலிக்க இயலாதது எனத் தள்ளுபடி செய்யப்பட்ட கணக்கு 'ரிட்டன் ஆஃப்' எனப் பதிவாகிறது. இவற்றுள் 'ரிட்டன் ஆஃப்' மிகவும் பாதகமானது. 'செட்டில்டு' என்பது அதைவிட மேலானதாயினும், கடன் தந்தவர் நட்டமடைந்தார் என்ற செய்தியை அது அடுத்த வங்கிக்குச் சொல்லிவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். கடன் அட்டையில் ஒருவரின் அசல் நிலுவை 1,20,000 ரூபாய். வட்டியும் தாமதக் கட்டணமும் சேர்ந்து அது 2,00,000 ரூபாயாகிறது. வங்கி 1,30,000 ரூபாய்க்கு முடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறது. வாங்கிய அசலுக்கும் மேலாகவே கட்டிவிட்டோம் என்று அவர் எண்ணக்கூடும். ஆனால் அறிக்கையின் பார்வையில், வரவேண்டிய 2,00,000 ரூபாயில் 70,000 ரூபாய் வரவில்லை என்பதே பதிவாகும். கடன் அட்டை நிலுவைக்கு மாதம் 3 முதல் 4 சதவீதம் வரை வட்டி ஏறுவது இயல்பு என்பதால், குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவருவோரின் நிலுவை விரைவில் இந்நிலையை எட்டிவிடுகிறது.

தீர்வு கண்டவருக்கு, அதே நிறுவனம் குறைந்தது 12 மாதங்களுக்குப் புதிய கடன் வழங்கக் கூடாது என்று 2023-ஆம் ஆண்டு நெறிமுறை விதிக்கிறது. இக்காலத்தை மேலும் நீட்டிக்க நிறுவனங்களுக்கு அதிகாரம் உண்டு. வேளாண் கடனுக்கு மட்டும் அந்தந்த நிறுவனத்தின் கொள்கை பொருந்தும். பிற வங்கிகளுக்கு இத்தடை நேரடியாகப் பொருந்தாவிட்டாலும், அறிக்கையில் உள்ள குறிப்பைக் கண்டு அவை மறுக்கலாம், அல்லது கூடுதல் வட்டி கேட்கலாம். கடன் தகவல்களைக் குறைந்தபட்சம் ஏழு ஆண்டுகள் பேணிவைக்க வேண்டும் என்பது விதியாதலால், இக்குறிப்பு எளிதில் மறைவதில்லை.

இதன் தாக்கம் கடனுடன் நின்றுவிடுவதுமில்லை. மோசமான கடன் வரலாற்றைக் காரணம் காட்டிப் பணி நியமனத்தை ரத்து செய்த பாரத ஸ்டேட் வங்கியின் முடிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025-இல் உறுதி செய்தது. வங்கிப் பணியை நாடும் இளைஞர்களுக்கு இது கவனத்தில் கொள்ளத்தக்க செய்தியாகும்.

முதலில் ஆராய வேண்டிய மாற்று வழிகள்

மாத வருமானம் நின்றுவிடாமல் குறைந்து மட்டும் இருப்பின், தவணைக் காலத்தை நீட்டித்து மாதத் தொகையைக் குறைக்கும் மறுசீரமைப்பைக் கேட்பது நலம். கடன் அட்டை நிலுவையைக் குறைந்த வட்டியுள்ள தவணைக் கடனாக மாற்றித் தருமாறும் கோரலாம். மறுசீரமைப்பும் அறிக்கையில் பதிவாகும் என்றாலும், முழுத் தொகையும் கட்டப்பட்ட பின் அக்கணக்கு 'குளோஸ்டு' என முடியும். வட்டியையும் அபராதத்தையும் மட்டும் தள்ளுபடி செய்து அசலை முழுமையாகப் பெற்றுக்கொள்ள வங்கி முன்வந்தால், கணக்கின் நிலை எவ்வாறு பதிவாகும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டறிய வேண்டும்.

மொத்தத் தொகை எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். வருங்கால வைப்பு நிதியில் உள்ள பணம், தொழிலாளியின் கடனுக்காக ஜப்தி செய்யப்பட முடியாதபடி சட்டப் பாதுகாப்புப் பெற்றது. அந்தப் பணத்தை எடுத்து அடமானமற்ற கடனைத் தீர்ப்பது, பாதுகாக்கப்பட்ட முதுமைச் சேமிப்பைத் தானாகவே கரைப்பதாகும். உறவினரிடமோ தனியார் வட்டிக்காரரிடமோ அதிக வட்டிக்கு வாங்கித் தீர்ப்பது, ஒரு கடனை மற்றொரு கடனாக மாற்றுவதன்றி வேறில்லை. பல கடன்கள் இருப்பின், எதைத் தீர்ப்பது, எதைத் தொடர்ந்து கட்டுவது என்ற பட்டியலை முதலில் எழுதிப் பார்ப்பது பயனளிக்கும். குடியிருக்கும் வீட்டின் மீதுள்ள கடனின் தவணையை விட்டுவிட்டு, கடன் அட்டையைத் தீர்ப்பது ஆபத்தான வரிசையாகும்.

பணம் கட்டுவதற்கு முன்

தொலைபேசியில் அளிக்கப்படும் வாக்குறுதியை நம்பிப் பணம் செலுத்தக் கூடாது. நிறுவனத்தின் முகப்புத் தாளில் அல்லது அதிகாரப்பூர்வ மின்னஞ்சல் முகவரியிலிருந்து தீர்வுக் கடிதம் வந்த பின்னரே செலுத்த வேண்டும். அக்கடிதத்தில் பின்வருவன இடம்பெற்றுள்ளனவா எனச் சரிபார்க்க வேண்டும்.

- கடன் கணக்கு எண்ணும், கடிதத் தேதி வரையிலான மொத்த நிலுவையும்.
- ஒப்புக்கொள்ளப்பட்ட தீர்வுத் தொகையும், அதைச் செலுத்த வேண்டிய கடைசி நாளும்.
- இத்தொகை முழு மற்றும் இறுதித் தீர்வாக ஏற்கப்படுகிறது என்ற உறுதிமொழி.
- ஜாமீன் கையெழுத்திட்டவரும் இணைக் கடனாளியும் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகின்றனர் என்ற வாசகம்.
- நிலுவையில் உள்ள வழக்குகளும் காசோலை தொடர்பான புகார்களும் திரும்பப் பெறப்படும் என்ற வாசகம்.
- கடன் தகவல் நிறுவனங்களுக்கு இக்கணக்கு எவ்வாறு தெரிவிக்கப்படும் என்ற விவரம்.

கடன் வேறொரு சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருப்பின், கடிதம் தர வேண்டியது அந்நிறுவனமே. பணத்தை நேரடியாகக் கடன் கணக்கிலேயே செலுத்த வேண்டும். வசூல் முகவரின் தனிப்பட்ட கணக்கிலோ அவரது யுபிஐ முகவரியிலோ செலுத்தக் கூடாது. குறித்த நாளுக்குள் முழுத் தொகையும் சேராவிடில் தீர்வு செல்லாது என்ற நிபந்தனை பெரும்பாலான கடிதங்களில் இருக்கும். ஆகவே, பணத்தைத் திரட்டிய பின்னரே நாள் குறிப்பது நல்லது.

பழைய கடன்களைப் பொறுத்தவரை மற்றொரு செய்தியும் உண்டு. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, இத்தகைய கடனுக்காக வழக்குத் தொடுக்கப் பொதுவாக மூன்று ஆண்டுக் காலவரம்பு உள்ளது. அக்காலவரம்பு முடியும் முன் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, எழுத்துச் சான்றுடன் ஒரு பகுதியைச் செலுத்தினாலோ, அந்நாளிலிருந்து காலவரம்பு புதிதாகத் தொடங்கும். எனவே, பழைய கடன் ஒன்றுக்குக் கடிதம் எழுதும் முன் வழக்கறிஞர் ஒருவரைக் கலந்தாலோசிப்பது சிறந்தது.

லோக் அதாலத்தில் தீர்வு

வழக்கு நீதிமன்றத்தில் இருக்கும்போது காணப்படும் சமரசத் தீர்வு, அந்நீதிமன்றத்தின் ஒப்புதல் ஆணைக்கு உட்பட்டது. வழக்குத் தொடரும் முன்னரே லோக் அதாலத்தில் பேசித் தீர்க்கவும் வழி உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, லோக் அதாலத்தின் தீர்வு உரிமையியல் நீதிமன்றத்தின் ஆணைக்கு இணையானது. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய இயலாது. ஆதலால், கட்ட முடியாத தொகைக்கு அவசரத்தில் கையெழுத்திடுவது பின்னர் சொத்து ஜப்திக்கு வழிவகுக்கும். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் உள்ளிட்டோர் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண் 15100.

கடனைக் கட்டத் தவறுவது தன்னளவில் உரிமையியல் விவகாரமே. ஆனால், கடனுக்காகக் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால், செலாவணி முறி ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவின் கீழ் இரண்டு ஆண்டுகள் வரை சிறையோ, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தீர்வுக் கடிதத்தில் காசோலைகளைத் திரும்பத் தரும் வாசகத்தை வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

தொல்லையும் மோசடியும்

காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காகத் தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்றும், மிரட்டல், பொது இடத்தில் அவமதித்தல், குடும்பத்தினரின் தனிமைக்குள் நுழைதல் ஆகியவை கூடாது என்றும் 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. முகவர்களின் செயலுக்கு நிறுவனமே பொறுப்பாகும்.

சிறு கட்டணத்துக்குக் கடன் தள்ளுபடிச் சான்றிதழ் தருவதாகக் கூறும் விளம்பரங்கள் குறித்து 2023 டிசம்பரில் ரிசர்வ் வங்கி பொதுமக்களை எச்சரித்தது. அத்தகைய சான்றிதழ்களுக்குச் சட்ட மதிப்பு இல்லை. கட்டணம் பெற்றுக்கொண்டு வங்கியிடம் பேசித் தருவதாகக் கூறும் இடைத்தரகர்களும் பெருகியுள்ளனர். தவணை கட்டுவதை நிறுத்திவிட்டுத் தங்களிடம் பணம் சேமிக்குமாறு அவர்கள் கூறும் ஆலோசனை, கடன் வரலாற்றை மேலும் சீர்குலைக்கும். வங்கியிடம் அவர்கள் கேட்கக்கூடிய எதையும் கடன் வாங்கியவர் தானே நேரில் கேட்கலாம்.

பணம் கட்டிய பின்

தொகை செலுத்தப்பட்டவுடன், நிலுவையின்மைச் சான்றைக் கேட்டுப் பெற வேண்டும். தீர்வுக் கடிதம், செலுத்திய ரசீது, நிலுவையின்மைச் சான்று ஆகிய மூன்றையும் ஒன்றாகப் பல ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். சொத்து ஆவணங்கள் அடமானத்தில் இருந்தால், முழுத் தொகை செலுத்திய அல்லது தீர்வு முடிந்த 30 நாள்களுக்குள் அவற்றை நிறுவனம் திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும். 2023 செப்டம்பரில் வெளியான இந்த உத்தரவு, அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

அடுத்து, கடன் அறிக்கையைச் சரிபார்க்க வேண்டும். நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். கடன் நிறுவனங்கள் குறைந்தது பதினைந்து நாள்களுக்கு ஒரு முறை தகவல்களைப் புதுப்பிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. ஆகவே, ஓரிரு மாதங்களில் புதிய நிலை அறிக்கையில் தென்பட வேண்டும். நிலுவைத் தொகை பூஜ்யமாக உள்ளதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

பிழை இருப்பின், கடன் தகவல் நிறுவனத்திடமோ வங்கியிடமோ புகார் அளிக்கலாம். 30 நாள்களுக்குள் தீர்க்கப்படாவிட்டால், அதன் பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வீதம் இழப்பீடு பெற வழி உண்டு. வங்கி 30 நாள்களுக்குள் பதிலளிக்காவிட்டாலோ, பதில் மனநிறைவு தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். இதற்குக் கட்டணம் இல்லை. விவரங்களுக்கு 14448 என்ற எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.

மதிப்பெண்ணை மீட்கும் வழி

'செட்டில்டு' என்ற உண்மையான பதிவைப் பணம் வாங்கிக்கொண்டு எவராலும் அழிக்க முடியாது. அதை மாற்றுவதற்கு உள்ள ஒரே நேரிய வழி, பின்னர் வசதி வரும்போது, முன்பு விட்டுக்கொடுக்கப்பட்ட தொகையைச் செலுத்த விரும்புவதாக வங்கிக்கு எழுதி, அது ஏற்றுக்கொண்டால் செலுத்தி, கணக்கை 'குளோஸ்டு' என மாற்றக் கோருவதே. மேற்கண்ட எடுத்துக்காட்டில் அத்தொகை 70,000 ரூபாய். இங்கும் எழுத்து மூலமான ஒப்புதல் முதலில் வர வேண்டும்.

அது இயலாதோர், பழைய குறிப்பின் மேல் புதிய நல்ல வரலாற்றை எழுப்பலாம். வங்கியில் ஒரு சிறு தொகையை நிரந்தர வைப்பாகச் செலுத்தி, அதன் பிணையில் கடன் அட்டை பெறுவது இதற்கான எளிய தொடக்கமாகும். அட்டையின் வரம்பில் 30 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்தாமல், ஒவ்வொரு மாதமும் முழு நிலுவையையும் உரிய நாளுக்கு முன்பே கட்ட வேண்டும். மின்கட்டணம் போன்ற ஒரே ஒரு செலவை மட்டும் அந்த அட்டையில் வைத்துக்கொள்வது போதுமானது. சிறிய நகைக் கடன் பெற்று உரிய காலத்தில் மீட்பதும் பதிவாகும். ஆயினும், மதிப்பெண்ணுக்காக மட்டும் தேவையற்ற கடன் வாங்கி வட்டி கட்டுவது முறையன்று.

குறுகிய காலத்தில் பல வங்கிகளில் கடனுக்கு விண்ணப்பிப்பதைத் தவிர்க்க வேண்டும். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் விசாரணையாகப் பதிவாகிறது. தன் அறிக்கையைத் தானே பார்ப்பதால் மதிப்பெண் குறைவதில்லை. பிறர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்திடுவதையும் இக்காலத்தில் தள்ளிவைப்பது நல்லது. அவர் தவணை தவறினால் அச்சுமை ஜாமீன்தாரரின் அறிக்கையிலும் ஏறும்.

சிபில் அறிக்கையில் ஒவ்வொரு கணக்குக்கும் கடைசி 36 மாதங்களின் தவணை வரலாறு காட்டப்படுகிறது. மாதந்தோறும் ஒரு நல்ல பதிவு சேரச் சேர, பழைய தாமதங்களின் எடை படிப்படியாகக் குறைகிறது. பொதுவாக 750-க்கு மேற்பட்ட மதிப்பெண்ணையே வங்கிகள் விரும்புகின்றன. அந்நிலையை ஓரிரு மாதங்களில் எட்டித் தருவதாகக் கூறுவோரின் வாக்குறுதியை நம்ப வேண்டியதில்லை.

வருமானம் முற்றிலும் நின்றுபோன குடும்பத்துக்கு ஒரே தவணைத் தீர்வு உரிய வழியாக இருக்கலாம். அடுத்த சில ஆண்டுகளில் வீட்டுக் கடனோ பிள்ளைகளின் கல்விக் கடனோ தேவைப்படும் குடும்பம், இன்று மிச்சமாகும் தொகையையும் நாளை மறுக்கப்படக்கூடிய கடனையும் ஒப்பிட்டுப் பார்த்த பின் முடிவெடுப்பது நலம். எந்த முடிவாயினும், கடிதம் கையில் வரும் முன் பணம் கைமாறக் கூடாது என்பதே இதில் முதல் விதி.